கேள்வி உங்கள் வார்டிலேயே இருக்கிறது

டாக்டரிடம் கேளுங்கள்: வாசகர் பக்கம்

பயிற்சி டாக்டர்கள் ஆராய்ச்சி செய்யக் கற்க வேண்டும் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

வணக்கம் டாக்டர். என் மகன் அரசு மருத்துவமனையில் ஹவுஸ்மன், அதாவது பயிற்சி டாக்டர். வேலை முடிந்து வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடுகிறான். இப்போது அவனுக்கு மேலே இருக்கும் நிபுணர் ஏதோ ஆராய்ச்சி செய்யச் சொல்கிறாராம். நோயாளியைப் பார்ப்பதுதானே டாக்டர் வேலை? ஆராய்ச்சியெல்லாம் பேராசிரியர்கள் செய்வதில்லையா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

அம்மா, உங்கள் மகனின் களைப்பு உண்மையான களைப்பு. ஓய்வு நாளில் வந்து ஃபைல் புரட்டு என்று ஒரு நிபுணர் சொன்னால் அது தப்பு. ஆராய்ச்சியும் பயிற்சிதான் என்றால் வேலை நேரத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கித் தர வேண்டும், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் பேராசிரியர்களுக்கு மட்டும் உரிய வேலை என்கிறீர்களே, அதை ஏற்க முடியவில்லை.

நம் கோலாலம்பூரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் காலத்து மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்டிப்படைத்தது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. 1905 டிசம்பரில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர், கோலாலம்பூர் மனநல மருத்துவமனை நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிரே அதே மாதிரி இருந்த இன்னொரு கட்டடத்துக்கு. ஒரு பக்கம் தீட்டிய சயாம் அரிசி, மறுபக்கம் இந்தியப் புழுங்கலரிசி, மற்றதெல்லாம் ஒன்றுதான். சயாம் அரிசி சாப்பிட்ட பக்கத்தில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள், புழுங்கலரிசிப் பக்கத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. 1907-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பெரிபெரியைத் தடுக்கும் சத்தான தயாமின் (வைட்டமின் பி1) என்ற பெயரே அப்போது கிடையாது, பெரிய கருவி எதுவும் அவர் கையில் இல்லை. சரியாக ஒரு கேள்வி கேட்டு, நேர்மையாக எண்ணினார், அவ்வளவுதான்.

அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. உங்கள் மகன் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டாக்டர், சொந்த ஊர் பினாங்கு, இப்போது சபாவின் உள்பகுதியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் நிபுணராக இருக்கிறேன். இளம் எம்.ஓ.க்களுக்கு (மருத்துவ அதிகாரிகளுக்கு) ஆராய்ச்சி கற்றுத்தர ஆசை. நூலகம் இல்லை, புள்ளியியல் தெரிந்தவர் இல்லை, இணையமும் சுமார்தான். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், சபா

தம்பி, வகுப்பெடுக்காதீர்கள். ஆராய்ச்சி முறை பற்றி நாள் முழுக்கப் படம் போட்டுக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மறுநாள் வார்டுக்குப் போனதும் மறந்துவிடும். ஒரே ஒரு சின்னக் கேள்வியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தவருக்குத்தான் இது படியும், அதுவும் பக்கத்தில் ஒரு மூத்தவர் உட்கார்ந்திருந்தால்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய தலைப்பாகத்தான் கொண்டுவருவார்கள். "நீரிழிவு நோயாளிகளின் வாழ்க்கைத் தரம்" என்பார்கள். அதை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, போன மாதம் வார்டில் உங்களை உறுத்தியது எது என்று கேளுங்கள். இங்கே பினாங்கில் இதைக் கேட்டால் உடனே வருகிற பதில், கால் புண். அதில் ஆச்சரியம் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இங்குள்ள இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைமையில் நம்மவர்கள் வந்து நிற்பதைப் பார்க்கிற ஒவ்வொரு இளம் டாக்டருக்கும் "ஏன் இவ்வளவு தாமதமாக வந்தார்கள்?" என்று தோன்றும். அதுவே கேள்வி. இன்னும் சுருக்கினால், புண்ணைப் பார்த்த நாளிலிருந்து மருத்துவமனைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? இதற்குத் தேவையான தகவலில் பாதி உங்கள் அலமாரி ஃபைல்களிலேயே கிடக்கிறது.

உண்மையான பாடம் அந்த ஃபைலைத் திறந்த பிறகுதான். ஒன்றில் 2/52 என்று எழுதியிருக்கும், இரண்டு வாரம் என்று பொருள். அடுத்ததில் "சில நாட்களாக" என்று இருக்கும். இன்னொன்றில் அட்மிஷன் டாக்டர் ஒரு வாரம் என்றும் தாதி மூன்று வாரம் என்றும் எழுதியிருப்பார்கள். எதை எடுப்பது? புண் தொடங்கிய நாளையா, சீழ் வைத்த நாளையா? சிகரெட் பிடிப்பாரா என்ற இடம் காலியாக இருந்தால் அது "இல்லை" ஆகுமா? ஆகாது. கேட்கவில்லை என்பது வேறு, கேட்டு இல்லை என்று சொன்னது வேறு, இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் முடிவு பொய்யாகிவிடும். ஒரே இருபது ஃபைலை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எங்கே மாறுபடுகிறது என்று பேசுங்கள். அந்த ஒரு மாலையில் கற்றுக்கொள்வதை எந்தப் பாடப் புத்தகமும் தராது. இன்னொன்று, அதற்குப் பிறகு அவர்கள் சொந்தமாக எழுதும் கேஸ் நோட்டே மாறிவிடும்.

இரண்டாவது, கெடு. உலக சுகாதார நிறுவனத்தின் வெப்பமண்டல நோய் ஆராய்ச்சிப் பிரிவு நடத்தும் சார்ட் இட் (SORT IT) என்ற ஆராய்ச்சிப் பயிற்சியைத் தேடிப் பாருங்கள், வசதி குறைந்த நாடுகளில் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து அமைத்தது. பெரும்பாலும் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கும் தகவலையே பயன்படுத்துகிறார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் முடித்துத் தர வேண்டிய வேலை உண்டு, தராதவர் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. கண்டிப்பு அதிகம் என்று தோன்றும், ஆனால் பாதியில் நிற்கும் ஆராய்ச்சிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்டிப்பின் அருமை புரியும். உங்களிடம் எம்.ஓ.க்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள், அதனால் அவர் இருக்கும் காலத்துக்குள் முடிகிற அளவுக்கே கேள்வியை வெட்டுங்கள்.

அனுமதிக் காகிதத்தை முதல் வாரமே தொடங்குங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் செய்கிற ஆராய்ச்சியை என்.எம்.ஆர்.ஆர். என்ற தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிய வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், வெளியிடும்போது சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். பழைய ஃபைலைப் பார்ப்பதற்கு இதெல்லாம் எதற்கு என்று இளையவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அந்த ஃபைல் ஒரு மனிதருடையது என்று அப்போதே சொல்லிக்கொடுங்கள்.

படிப்பதற்கு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் இணையதளம் இலவசம், சுருக்கங்களைப் படிக்கப் பெரிய இணைய வேகம் தேவையில்லை, முழுக் கட்டுரைகள் பல பப்மெட் சென்ட்ரல் தளத்தில் கிடைக்கும். முடிவு வந்ததும் முதலில் உங்கள் வார்டுத் தாதிகளுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் சொல்லுங்கள். புண்ணைக் கட்டுகிறவர்கள் அவர்கள்தான், இதழில் வருவது அப்புறம்.

புள்ளியியல் என்றாலே பயம். மென்பொருள் வாங்கவும் காசில்லை. என்ன செய்யலாம்?
– ஹவுஸ்மன், செந்தூல்

வாங்க வேண்டாம். ஆர் (R), எப்பி இன்ஃபோ (Epi Info) என்ற மென்பொருள்கள் இரண்டுமே இலவசம், உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் நீங்கள் கடைசியில் காட்டப்போகும் அட்டவணையை எண் இல்லாமல் வரைந்து பாருங்கள். வரைய முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் தெளியவில்லை. பயப்படுகிற பலர் தவறுவது எளிய இடத்தில்தான். ஐந்து பேர் 3, 4, 5, 7, 180 நாள் கழித்து வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி கிட்டத்தட்ட 40 நாள் என்று வரும், ஆனால் 40 நாளுக்குப் பக்கத்தில் வந்தவர் யாருமே இல்லை. நடுவில் நிற்கும் 5 என்ற எண்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இதை விளக்கத் தெரிந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள், மீதிக்கு ஒரு புள்ளியியல் நிபுணரை ஆரம்பத்திலேயே பாருங்கள், தகவலெல்லாம் சேர்த்த பிறகு அல்ல.

ஃபைல் எடுத்தது நான், எழுதியது நான். கட்டுரையில் இன்னும் மூன்று மூத்தவர்கள் பெயரைப் போடச் சொல்கிறார்கள். அப்புறம், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று ஓர் இதழிலிருந்து மின்னஞ்சலும் வந்திருக்கிறது. அனுப்பலாமா?
– எம்.ஓ., குளுகோர்

அந்த இதழுக்கு அனுப்பாதீர்கள். ஒரு வாரத்தில் ஒரு கட்டுரையை ஒழுங்காக மதிப்பிட்டு வெளியிடுவது நடக்கிற காரியமே அல்ல. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் அது இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் மருத்துவமனையில் மருத்துவ ஆராய்ச்சி மையம் இருந்தால் அங்கும் கேளுங்கள். ஒருமுறை அப்படிப்பட்ட இதழுக்குப் போன கட்டுரையைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

பெயர் விஷயம் கஷ்டமானது, ஏனென்றால் அவர்கள்தான் உங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கையும் எழுதுவார்கள். விதி தெளிவாகவே இருக்கிறது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் குறிப்பிடத்தக்க பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். துறைத் தலைவராக இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. எதிர்த்துப் பேச வேண்டாம், அந்த நான்கையும் ஒரு தாளில் அச்சிட்டு, வரைவுக் கட்டுரையோடு சேர்த்து மூன்று பேருக்கும் கொடுத்து, "டாக்டர், இதைப் படித்துத் திருத்தித் தருகிறீர்களா, இதழ் ஒவ்வொருவர் பங்கையும் எழுதித் தரச் சொல்கிறது" என்று கேளுங்கள். திருத்தித் தருகிறவர் பெயர் இருக்கட்டும், தராதவருக்கு நன்றி சொல்லும் பகுதி இருக்கிறது. அடுத்த ஆய்வில் முதல் கூட்டத்திலேயே யார் எந்த வேலை, யார் பெயர் எந்த வரிசையில் என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.