விதைநெல் பக்கத்துக்கு ரியாக்ட் வேண்டுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணே, அப்பா விதைநெல் விற்கிறார். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி என்று ஏழெட்டு ரகம். கிலோவைப் போட்டால் தொகை வர வேண்டும், அப்படியே வாட்ஸ்அப்பில் ஆர்டர் போக வேண்டும், அவ்வளவுதான். இதற்கு வலைப்பக்கம் செய்ய எல்லோரும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைச் சொல்கிறார்கள். நிறுவிப் பார்த்தால் ஃபோல்டர் பூராவும் என்னென்னவோ வந்து நிரம்பிவிட்டது. சின்னதாக ஏதும் இல்லையா? (கல்லூரி மாணவர், திருத்துறைப்பூண்டி)

பதில்: இருக்கிறது தம்பி. ரியாக்ட் படிப்பதில் தப்பில்லை, வேலைக்குப் போகிற இடத்தில் கேட்பார்கள். ஆனால் ஏழெட்டு வரி அட்டவணைக்கு அது அதிகம். வான்ஜேஎஸ் என்று ஒரு லைப்ரரி, ஜிஜிப் செய்தால் (அதாவது அனுப்புவதற்காகச் சுருக்கினால்) சுமார் 1 கேபிதான். ரியாக்ட்டின் சின்ன வடிவமான ப்ரியாக்ட் சில கேபி, 2006-இல் வந்து இன்னும் எத்தனையோ தளங்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஜேகுவெரி 30 கேபி பக்கம் வரும். உங்கள் வேலைக்கு நான் வான்ஜேஎஸைத்தான் சொல்வேன். நிறுவ எதுவுமில்லை, ஒரே ஃபைல், எச்டிஎம்எல் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் டேக்.

அதில் ஒவ்வொரு எச்டிஎம்எல் டேக்கும் ஒரு ஃபங்ஷன். டிஆர் (அட்டவணை வரி) ஃபங்ஷனைக் கூப்பிட்டு அதற்குள் நாலு டிடி (கட்டம்): ரகத்தின் பெயர், கிலோ விலை, கிலோவைத் தட்டுகிற கட்டம், தொகை. ரகங்களையும் விலையையும் ஒரு அரேயில் (பட்டியலில்) வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி உருவாக்க மேப் போட்டால் எல்லா வரியும் வந்துவிடும், நாளைக்கு அப்பா கவுனி விலையை ஏற்றினால் அரேயில் ஓர் எண்ணை மாற்றினால் சரி. இதையே லைப்ரரி இல்லாமல் பிரவுசரிலேயே இருக்கும் கிரியேட்எலிமென்ட் வைத்தும் செய்யலாம்தான், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் உருவாக்கு, எழுத்தைப் போடு, ஒட்டு என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். அதற்குச் சலித்துப்போய் பலர் இன்னர்எச்டிஎம்எல்லில் சரத்தை ஒட்டவைப்பார்கள். வேண்டாம். ஆர்டர் கொடுப்பவர் தட்டிய பெயரையும் ஊரையும் அதில் சேர்த்தால், ஒரு குறும்புக்காரர் பெயருக்குப் பதில் ஒரு டேக்கைத் தட்டிவிட்டுப் போக, அது உங்கள் பக்கத்தில் கோடாக ஓடும். டிடி ஃபங்ஷனுக்குள் கொடுத்த எழுத்து எழுத்தாகவே நிற்கும்.

எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. கிலோவை வான்.ஸ்டேட்டில் (மாறுகிற மதிப்பை வைக்க வான்ஜேஎஸ் தருவது) போட்டு வைத்துவிட்டு, தொகைக் கட்டத்தில் கிலோ.வேல் பெருக்கல் விலை என்று நேராக எழுதினால் அது ஒரே ஒரு முறை கணக்குப் போட்டு 0 காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். எத்தனை கிலோ தட்டினாலும் அசையாது. அதே கணக்கை ஒரு ஆரோ ஃபங்ஷனுக்குள் (முன்னால் () => போட்டு) வைத்துக் கொடுங்கள், கிலோ மாறும்போதெல்லாம் அந்தக் கட்டம் மட்டும் மாறும், மற்ற வரிகளைத் தொடாது.

வாட்ஸ்அப் லிங்கில் செய்தியைச் சேர்க்கும்போது என்கோட்யூஆர்ஐகம்போனென்ட் ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு & வந்தாலே செய்தி பாதியில் அறுந்துவிடும். அப்புறம் படங்கள். 1 கேபி லைப்ரரி என்று பெருமைப்பட்டுக்கொண்டு, செல்போனில் எடுத்த 4 எம்பி நெல் படத்தை அப்படியே ஏற்றினால் வயலில் ஒற்றைக் கோடு சிக்னலில் நிற்பவருக்கு என்ன பிரயோஜனம்? முதலில் படத்தைச் சுருக்குங்கள்.

கேள்வி: எங்கள் பாத்திரக் கடைக்கு நானே பில் பக்கம் எழுதுகிறேன். இரண்டு கட்டத்தில் 5, 10 என்று போட்டால் மொத்தம் 510 வருகிறது. பெருக்கல் மட்டும் சரியாக வருகிறது, ஏன்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இன்புட் கட்டத்திலிருந்து வருவது எண் இல்லை, எழுத்து. கூட்டல் குறி இரண்டு எழுத்துச் சரங்களைப் பார்த்தால் ஒட்டிவிடும். பெருக்கலுக்கு ஒட்டத் தெரியாது, அதனால் தானாகவே எண்ணாக்கிக்கொள்கிறது. கூட்டுவதற்கு முன்னால் இரண்டையும் நம்பர் ஃபங்ஷனுக்குள் போடுங்கள். மொத்தத்தை டுலோக்கேல்ஸ்ட்ரிங்கில் இந்திய முறை கொடுத்துக் காட்டினால் 1,00,000 என்று நம் ஊர் பில் மாதிரியே கமா விழும்.

கேள்வி: வான்ஜேஎஸ் லைப்ரரியை டவுன்லோட் செய்து, இம்போர்ட்டும் எழுதிவிட்டேன். ஃபைலை டபுள் கிளிக் செய்தால் குரோமில் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: எஃப்12 தட்டி கன்சோலைப் பாருங்கள், சிவப்பில் கோர்ஸ் (CORS, வேறிடத்து ஃபைலை எடுக்கப் பிரவுசர் போடும் கட்டுப்பாடு) என்று ஏதாவது எழுதியிருக்கும். டிஸ்க்கிலிருந்து நேராகத் திறந்த பக்கத்தில் மாட்யூல் ஃபைலை இம்போர்ட் செய்ய குரோம் விடாது. விஎஸ் கோடில் லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் போட்டு அதன் வழியாகத் திறங்கள், அல்லது அதே லைப்ரரியின் நோமாட்யூல் ஃபைலை (இம்போர்ட் தேவைப்படாத வடிவத்தை) எடுத்துச் சாதாரண ஸ்கிரிப்ட்டாக வையுங்கள். இரண்டாவது வழியில் போனால் ஸ்கிரிப்ட் டேக் பாடியின் கடைசியில் இருக்கட்டும். ஹெட்டில் வைத்தால் பாடியே இன்னும் வந்திருக்காது, எலிமென்ட்டை எதில் ஒட்டுவது என்று மறுபடியும் சிவப்பு எழுத்துத்தான் வரும்.