நம்பி வாங்கிய பழைய போன் திருட்டுப் பொருளானால்

கேள்வி: இணைய விளம்பரம் பார்த்துத் தனிநபர் ஒருவரிடம் பழைய போன் வாங்கினேன். யுபிஐ வழியே பணம் கொடுத்தேன். பில்லும் பெட்டியும் அவர் தரவில்லை. சில மாதங்களில் அந்தப் போனில் எந்த சிம்மும் வேலை செய்யவில்லை. இப்போது வேறு மாவட்டக் காவல் நிலையத்திலிருந்து, அது திருடுபோன போன் என்று சொல்லி ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஏமாந்த என்னையே திருடனைப் போல விசாரிக்கிறார்கள். விற்றவர் போனை எடுப்பதில்லை. விளம்பரத் தளமும் கைவிரித்துவிட்டது. போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். என் பணத்தை எப்படி மீட்பது?

பதில்: விற்றவர் செய்த துரோகமோ, காவலர் பேசிய தொனியோ உங்கள் சட்ட நிலையை மாற்றப்போவதில்லை. அது திருட்டுப் பொருள் என்று உங்களுக்கு எப்போது தெரியவந்தது என்பது ஒன்றே இங்கு கேள்வி. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317(2) பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் அதைப் பெறுவதை மட்டுமல்லாமல், கையில் வைத்திருப்பதையும் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. வாங்கிய அன்று உங்களுக்கு எதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம். காவல் நிலைய அழைப்பு வந்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது.

நல்லெண்ணத்தோடு வாங்கியதாலேயே போன் உங்களுடையதாகிவிடாது. விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்குக் கிடைக்காது என்பதே 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறும் பொதுவிதி. விலையைத் திருப்பித் தரும்படி விற்றவர் மீது சிவில் வழக்குப் போடலாம். ஆனால் முகவரி தெரியாத ஒருவர் மீது போடும் வழக்கில் போன் விலையைவிடச் செலவே மிஞ்சும். நுகர்வோர் ஆணையமும் உங்களுக்கு உதவாது. தன் பழைய போனை ஒருமுறை விற்கும் தனிநபர் நுகர்வோர் சட்டத்தின் பொருளில் வணிகர் அல்லர். வெளிப்படையாகச் சொல்வதானால், இந்தப் பணத்தைப் போனதாகவே கருதுங்கள். விற்றவரே முன்வந்து கொடுத்தால் வங்கி வழியே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக விசாரணையில் எதையும் மாற்றிச் சொல்ல ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான் அஞ்சுவது, நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் அந்தக் கடைக்காரரைப் பற்றித்தான். நிரபராதியாக வந்த கட்சிக்காரர்கள் குற்றவாளிக் கூண்டுக்குப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவதற்கு 3 ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதைவிட முக்கியமாக, எண்ணை மாற்றிய மறுகணமே, தெரியாமல் வாங்கினேன் என்ற உங்கள் ஒரே எதிர்வாதம் செத்துவிடும். எதுவும் அறியாதவர் எண்ணை ஏன் மாற்றினார் என்று அரசு வழக்கறிஞர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. போனை வேறொருவருக்கு விற்பதும், தொலைந்துவிட்டது என்று சொல்வதும் இதே வகையைச் சேர்ந்தவை.

இன்னொரு தவறு பலர் கண்ணுக்குத் தவறாகவே படுவதில்லை. குடும்பப் படங்கள் பிறர் கைக்குப் போகக்கூடாது என்ற கூச்சத்தில், ஒப்படைப்பதற்கு முதல் நாள் இரவு போனை முழுவதுமாக அழித்துவிடுகிறார்கள். விற்றவரோடு நடந்த உரையாடல், அவருடைய எண், பேரம் பேசிய தேதி எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கின்றன. எதையும் அழிக்காமல், இன்னொரு போனால் அந்தத் திரைகளைத் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். பணம் போனதற்கான வங்கிக் கணக்கு அறிக்கையையும் வாங்கிவிடுங்கள். பணம் பெற்றவர் பெயரும் விற்றவர் சொன்ன பெயரும் வேறாக இருந்தால், விசாரணை அதிகாரி கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. பில் இல்லாததும், சந்தை விலையைவிட மிகக் குறைவாக வாங்கியிருந்தால் அதுவும், சந்தேகிக்கக் காரணம் இருந்தது என்று உங்களுக்கு எதிராகவே வாதிடப்படும். வாங்கும் முன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்த்து அந்தத் திரையைச் சேமித்திருந்தால், இந்த வாதத்துக்கு அது நல்ல பதிலாக இருந்திருக்கும்.

அழைத்தவர் உண்மையில் காவலர்தானா என்பதை உங்கள் பகுதிக் காவல் நிலையம் வழியே உறுதிசெய்த பிறகே போனைக் கொடுங்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். இரண்டு சிம் போன் என்றால் இரு ஐஎம்இஐ எண்களும் குறிக்கப்பட்ட கைப்பற்றுதல் மகஜரின் (போனைக் காவலர் எடுத்துக்கொண்டதைப் பதியும் ஆவணம்) நகலைக் கேட்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள், காவலர் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியதே இல்லை. எழுத்துமூல அழைப்பாணை வந்தால் பிரிவு எண்ணைப் பாருங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு என்றால் நீங்கள் சாட்சி. தாமதிக்காமல் போய் ஒப்படையுங்கள். 35(3) என்றால் உங்களைச் சந்தேக நபராகக் கருதுகிறார்கள் என்று பொருள்; முன்ஜாமீன் தேவையா என்பதை வழக்கறிஞருடன் முடிவுசெய்துகொண்டு, குறித்த நாளில் தவறாமல் ஆஜராகுங்கள். அழைப்பாணைக்கு இணங்கி நடக்கும்வரை, எழுத்தில் காரணம் பதியாமல் உங்களைக் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே இழப்பீர்கள்.