அம்மாவுக்குக் கீமோ கொடுக்கலாமா?

வணக்கம் சார்,

என் அம்மாவுக்கு 76 வயது. சாப்பாடு சரியாக இறங்கவில்லை, எடை குறைந்துகொண்டே வந்தது. பயாப்ஸி, ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது, நாலாவது ஸ்டேஜ் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் முடியாது, கீமோ கொடுத்துப் பார்க்கலாம், அடுத்த வாரம் முடிவு சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். அண்ணன் உடனே ஆரம்பிக்கச் சொல்கிறான். "கொடுக்காவிட்டால் அம்மாவைக் கைவிட்ட மாதிரி ஆகாதா?" என்று கேட்கிறான். எனக்கோ அம்மாவின் உடம்பு தாங்குமா என்று பயம். குளிப்பது, சமைப்பது எல்லாம் இன்னும் அவரே செய்துகொள்கிறார், மதியத்தில் மட்டும் படுத்துவிடுகிறார். அவரிடம் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். நாங்கள் என்ன செய்வது?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

நான் டாக்டர் இல்லை. என் சித்தப்பாவின் கடைசிக் காலத்தில் கூட இருந்தவன், அதற்குப் பிறகு இதைப் பற்றி விடாமல் படித்தும் கேட்டும் வருகிறவன், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் டாக்டர் பேசுகிறார், அண்ணன் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். யார் கையில் ஊசி ஏறப்போகிறதோ அவர் மட்டும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அம்மாவின் நிலையில் கீமோ நோயைக் குணப்படுத்துவதற்காகத் தரப்படுவதில்லை. கட்டியைக் கொஞ்சம் சுருக்கி, வளர்வதைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டு, முடிந்தால் சாப்பாடு இறங்க வழிசெய்யும். இதை டாக்டர் சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களில் 69 சதவீதம் பேருக்கும், பெருங்குடல் புற்றுநோய்க்கு எடுத்தவர்களில் 81 சதவீதம் பேருக்கும் அது குணப்படுத்தாது என்பது புரிந்திருக்கவில்லை. உங்கள் அண்ணனுக்குப் புரிந்திருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். அவர் எந்தக் கீமோவுக்காக வாதாடுகிறார் என்பது அப்போது தெரியும்.

அதற்காக, வயதானவர்களுக்குக் கீமோவே வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. வயதை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு. பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு இந்த மாதிரி நோயில் கீமோ பெரும்பாலும் நன்மையைவிடத் துன்பத்தையே தரும். உங்கள் அம்மா தானே சமைக்கிறார், அதனால் அவருக்குக் கதவு மூடிவிடவில்லை. பிரிட்டனில், வயதாலோ தளர்ச்சியாலோ கடுமையான கீமோ தாங்காத 514 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லாருக்கும் உணவுக்குழாய் அல்லது இரைப்பைப் புற்றுநோய். 2021இல் முடிவு வந்தது. ஆக்சாலிபிளாட்டின் ட்ரிப், கேப்சிடபைன் மாத்திரை இரண்டையும் முழு அளவு, 80 சதவீதம், 60 சதவீதம் என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 60 சதவீதம் எடுத்தவர்களுக்கும் நோய் ஏறக்குறைய அதே காலம் கட்டுக்குள் இருந்தது, பக்கவிளைவுகள் குறைவு. மூன்று பிரிவிலும் நடுவாக ஏழு மாதத்தை ஒட்டியே ஆயுள் இருந்தது (பாதிப் பேர் அதைவிடக் குறைவாக, பாதிப் பேர் அதிகமாக) என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே டாக்டரிடம் "குறைந்த அளவில் ஆரம்பிக்க முடியுமா?" என்று கேட்கலாம். பயாப்ஸியில் ஹெர்-2 என்ற புரதம் கட்டியில் அதிகமாக இருக்கிறதா என்று சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். அது பாசிட்டிவ் என்றால் கூடவே சேர்க்கக்கூடிய வேறு மருந்து உண்டு. ஆரம்பித்துவிட்டால் நிறுத்தவே முடியாது என்பதும் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், பலன் இல்லையென்றாலும் அம்மாவால் முடியவில்லை என்றாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இனி அந்த அல்சர் விஷயம். கீமோ ட்ரிப் ஏற்றும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டு அல்சர் என்று எத்தனை நாள் சொல்வீர்கள்? பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிவிடுவார். ஆக்சாலிபிளாட்டின் ஏறினால் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டாலே விரல்கள் சுரீரென்று இழுக்கும், கை கால் மரத்துப்போகும். ஏன் என்று தெரியாமல் ஒருவர் அதைத் தாங்குவது எவ்வளவு கொடுமை. என் சித்தப்பாவிடம் நாங்கள் மறைக்கவில்லை. அவருக்குப் பட்டா மாறுதல் ஒன்று பாக்கி இருந்தது, அது முடியும்வரை நடமாட வேண்டும், அதற்காகக் கீமோ போட்டுக்கொள்கிறேன் என்றார். போட்டுக்கொண்டார். வேலை முடிந்த பிறகு டாக்டரிடம் அவரே "போதும்" என்றார். அந்த முடிவை அவருக்காக எங்களில் யாராலும் எடுத்திருக்க முடியாது, பட்டா அவருக்கு அவ்வளவு முக்கியம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "அம்மா, டாக்டர் சொன்னதை விவரமா சொல்லட்டுமா, நாங்களே பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். சொல்லு என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். "நீங்களே பார்த்துக்குங்க" என்று சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான். எப்படியானாலும், வரும் மாதங்களில் எது நடக்க வேண்டும், எதைத் தாங்கமுடியாது, எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டு வையுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்குப் போய்வர வேண்டியிருக்கும், நடுவில் ரத்தச் சோதனைகள் வேறு. அந்த அலைச்சல் இந்தப் பதில்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கைவிட்டதாக ஆகாதா என்ற அண்ணனின் கேள்வி அன்பிலிருந்து வருகிறது, அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் கீமோ இல்லையென்றால் சிகிச்சையே இல்லை என்று அவர் நினைக்கிறார். வலி, வாந்தி, வயிற்றில் நீர் கோர்ப்பது, சாப்பாடு அடைத்துக்கொள்வது, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. அடைப்புக்கு ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைக்கலாம், நீரை எடுக்கலாம். பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் கேரும், அதாவது வலியையும் மற்ற துன்பங்களையும் தணிக்கும் பராமரிப்பும், பெற்றவர்கள் நடுவாக 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சையும் அவர்களுக்குக் குறைவாகவே தரப்பட்டது. இதை அண்ணனிடம் காட்டுங்கள்.

மார்ஃபினுக்குப் பயப்படாதீர்கள். வலிக்காக டாக்டர் மேற்பார்வையில் எடுப்பது போதைப் பழக்கத்தில் கொண்டுபோய் விடுவது அரிது. 2014இல் சட்டத்தைத் திருத்தி அது கிடைக்கும் வழியை எளிதாக்கியிருக்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பாலியேட்டிவ் கேர் தருகிற செவிலியர்கள் இருக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அப்புறம், அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும்போது அம்மாவை வெளியே உட்காரவைக்காமல் உள்ளே கூட்டிப்போங்கள், அண்ணனும் வரட்டும். கீமோ ஆரம்பித்தாலும் ஆரம்பிக்காவிட்டாலும், பாலியேட்டிவ் பிரிவுக்கு அன்றைக்கே ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.