தானியங்கி இயந்திரம் வாங்கும் முன் உடைசலை எடைபோடுங்கள்

பண்ருட்டிக்கு அருகே இருபது பேரை வைத்து முந்திரி ஆலை நடத்தும் வாசகர் ஒருவர், "புத்தாக்கமும் உற்பத்தித்திறனும்தான் நாட்டின் போட்டித்திறனை உயர்த்தும் என்கிறார்கள். வியட்நாம் பருப்போடு போட்டியிட, கடன் வாங்கித் தானியங்கி உடைப்பு இயந்திரம் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

போடலாம், ஆனால் அதுவே முதல் வேலை அல்ல. முந்திரிப்பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் 2006 வாக்கில் இந்தியாவை முந்தியது. அந்நாட்டு ஆலைகள் கொட்டையில் பெரும்பகுதியை ஆப்பிரிக்காவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வாங்குகின்றன. நம்மவர்களும் ஆப்பிரிக்கக் கொட்டையை இறக்குமதி செய்பவர்களே. ஆகவே வேறுபாட்டின் பெரும்பங்கு ஆலைக்குள் நடக்கும் வேலையில்தான் இருக்கிறது. (நம் பருப்பில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்றுப்போவதால், ஏற்றுமதிப் பட்டியலை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.)

பொருளியல் அறிஞர் ராபர்ட் சோலோ, அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து 1957இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மணி நேர உழைப்பின் விளைவு உயர்ந்ததில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்குக்குத் தொழில்நுட்ப மாற்றமே காரணம் என்றும், எஞ்சியதே கூடுதல் மூலதனத்தால் வந்தது என்றும் காட்டினார். அவர் சொன்ன மாற்றத்தில் வேலைமுறையும் தொழிலாளர் திறனும் அடங்கும்.

உங்கள் ஆலையில் இதற்குப் பொருள் முழுப்பருப்பின் விகிதம், அதாவது மொத்தப் பருப்பில் உடையாமல் கிடைக்கும் பங்கு. நூறு கிலோ கொட்டையில் 24 கிலோ பருப்பு கிடைப்பதாகவும், முழுப்பருப்புக்கும் உடைசலுக்கும் கிலோவுக்கு ரூ.200 வித்தியாசம் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முழுப்பருப்பு 60 விழுக்காட்டிலிருந்து 70 ஆனால் 2.4 கிலோ உடைசல் முழுப்பருப்பாகிறது, அதாவது ரூ.480 கூடுகிறது. நாளொன்றுக்கு ஐந்நூறு கிலோ உடைத்தால் ரூ.2,400. இதற்கு இயந்திரம் தேவையில்லை. கொட்டையை அளவுவாரியாகச் சலித்துப் பிரிப்பது, ஈரப்பதத்துக்கு ஏற்ப அவிக்கும் நேரத்தை மாற்றுவது, ஒவ்வொரு மூட்டையின் உடைசலையும் தனியே எடைபோட்டு எழுதுவது ஆகியவை போதும். கிலோக் கணக்கில் மட்டும் கூலி கொடுத்தால் பெண்கள் வேகமாகத்தான் உடைப்பார்கள். முழுப்பருப்புக்குக் கூடுதல் கூலி கொடுப்பதே நான் விரும்பும் முறை. அளவு கலந்த கொட்டையைப் போட்டால் தானியங்கி இயந்திரமும் பருப்பை நொறுக்கும் என்பதால், இந்தப் பழக்கம் வராத ஆலையில் கடன் மட்டுமே கூடும்.

ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் தொடங்கிய சிறு, குறு தொழில்களுக்கான 'லீன்' (விரயத்தைக் குறைக்கும் வேலைமுறை) திட்டத்தில் ஆலோசனைச் செலவின் 90 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. விவரங்களைக் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஒரு பருவக் கணக்கு கைக்கு வந்தபின் இயந்திரம் விற்பவரிடம் உங்கள் கொட்டையிலேயே இரண்டு மூட்டை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் வரும் முழுப்பருப்பு உங்கள் ஆட்கள் எடுப்பதைவிடக் குறைந்தால், மிச்சமாகும் கூலி அந்த இழப்பையும் மாதத் தவணையையும் சேர்த்து ஈடுகட்டுகிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.