ராணுவ ரேடார்களை ஏன் மலையுச்சியில் அமைக்கிறார்கள்?

ரேடார் அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, தாழப் பறக்கும் விமானம் எப்படி அதற்குத் தப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தடை வேகத்தில் இல்லை, பூமியின் வளைவில் இருக்கிறது.

பினாங்குத் தீவின் பத்து பெரிங்கி கடற்கரையில் நின்று, விலகிச் செல்லும் ஒரு கப்பலைக் கவனியுங்கள். முதலில் அதன் உடற்பகுதி மறையும், பிறகே உச்சி மறையும். ரேடார் அனுப்பும் நுண்ணலைகளும் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் ரேடாருக்கும் அதே நிலைதான். காற்றுமண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால், நம் கண்ணுக்கு எட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கிறது.

ஆண்டெனாவின் உயரத்தையும் இலக்கின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தை, கடலோரத்தில் 10 மீட்டர் கோபுரத்தில் உள்ள ரேடார் சுமார் 54 கிலோமீட்டரில்தான் காணும். அதே கருவியை நம் பினாங்குக் கொடிமலையின் 833 மீட்டர் உயரத்தில் வைத்ததாகக் கொண்டால், எல்லை 160 கிலோமீட்டர் ஆகிறது. நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் விமானம் முதல் தூரத்தை 3 நிமிடத்தில் கடந்துவிடும்; இரண்டாவதற்கு அதற்கு ஏறக்குறைய 9 நிமிடம் வேண்டும். இடைமறிக்கும் போர் விமானங்கள் மேலெழுவதற்கு அந்த 6 நிமிடம் உயிர்நாடி என்றே நான் கருதுகிறேன்.

உயரத்திலிருந்து பார்க்கும்போது தரையும் அலைகடலும் எதிரொலிக்கும். அசையும் பொருளின் எதிரொலியில் அலைவெண் மாறுவதை, அதாவது டாப்ளர் விளைவை வைத்து, விமானத்தை அந்த இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். முதுகில் வட்டத் தட்டு சுமந்து 9,000 மீட்டரில் பறக்கும் எச்சரிக்கை விமானங்களும் இதே முறையை நம்பியே கீழ்நோக்கித் தேடுகின்றன.