அடிபட்ட பொம்மை பஸ்ஸுக்குப் பட்டி பார்ப்பது: கேள்வி பதில்

பழைய மாடல் பஸ்களை வாங்கிச் சரிசெய்வது எனக்குப் பல வருஷப் பழக்கம். பாளையங்கோட்டையில் வீட்டு மொட்டை மாடிதான் பட்டறை. வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, பழைய சாமான் கடையில் ஒரு டபுள் டெக்கர் மாடல் கிடைத்தது. பெயிண்ட் பாதி இல்லை, சக்கரம் ஆடுகிறது. எதில் ஆரம்பிக்க? (பேட்டை)

ஆரம்பிக்காதீர்கள், முதலில் புரட்டிப் பாருங்கள். அடித்தகட்டில் பெயர் இருக்கும். டிங்கி என்றால் இங்கிலாந்துச் சரக்கு. நிக்கி என்றால், டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கிக் கல்கத்தாவில் வார்த்தது. அப்புறம் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் தகரம். ஒட்டாமல் கனமாக இருந்தால் டைகாஸ்ட், அதாவது துத்தநாகக் கலவை. கனமே இல்லையென்றால் பிளாஸ்டிக்.

தகர பஸ் என்றால் பெயிண்டை உரிக்கவே கூடாது. ஜன்னலும் பயணிகளும் அதில் அச்சடித்த படம்; போனால் திரும்ப வராது. எதுவானாலும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் முதலில். ‘பெயிண்ட் போயிட்டு’ என்று கொண்டுவந்த பஸ்களில் பல வெறும் அழுக்கு.

பெயிண்ட் உரிய புளித்தண்ணீரில் ஊறப்போடலாமா? அம்மா வெண்கலத்தை அப்படித்தான் தேய்க்கிறார். (சேரன்மகாதேவி)

வெண்கலத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே துத்தநாகத்தை அரிக்கும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். டைகாஸ்ட்டுக்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவர் போதும். கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். பிளாஸ்டிக் பாடியில் அதையும் தின்னரையும் காட்டாதீர்கள், கூழாகிவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உப்புத்தாளை உலரத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

பாடியையும் அடித்தகட்டையும் பிணைக்கும் ரிவெட்டை எப்படிக் கழற்றுவது? (வள்ளியூர்)

கழற்ற முடியாது, தலையைச் சீவத்தான் முடியும். 4 மி.மீ. பிட்டைக் கையால் மெதுவாகத் திருகி, காளான் மாதிரி விரிந்த தலையை மட்டும் எடுங்கள். கம்பத்தைத் தொட வேண்டாம். திரும்ப மாட்டும்போது அதே கம்பத்தில் 1.6 மி.மீ. துளை போட்டு மரை வெட்டினால் 2 மி.மீ. ஸ்குரு கச்சிதமாக உட்காரும்.

பாடி முழுக்க எறும்பு ஊர்ந்தது மாதிரி விரிசல். எம்-சீல் வைத்து அடைக்கலாமா? (களக்காடு)

பாடி லேசாக உப்பியும் இருக்கிறதா? அப்படியானால் அது உலோகத்தின் உள் நோய். வார்க்கும்போது கலவையில் ஈயம் கலந்துவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளேயே அரித்து வெடிக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் அதிகம். இதற்கு மருந்து இல்லை. ஈரமில்லாத அலமாரியில், கை படாமல் வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துப் புதிதாக வாங்காதீர்கள்.

ஸ்ப்ரே அடித்தால் பெயிண்ட் வெள்ளை பூத்துவிடுகிறது. இல்லையென்றால் மண் ஒட்டுகிறது. (பணகுடி)

உங்கள் ஊரில் இரண்டும் நடக்கும்! ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் பெயிண்டில் படிந்து பூக்கும். ஆனி, ஆடிக் காற்றில் புழுதி வந்து உட்காரும். நான் பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதற்குள் பஸ்ஸை நிறுத்தி, மழையில்லாத நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல் அடிப்பேன். டப்பா 20, 25 செ.மீ. தள்ளி இருக்கட்டும். முதல் கை லேசாக, பாடி தெரியும்படி. பத்து நிமிஷம் விட்டு அடுத்த கை. ஒரே கையில் மூடினால் ஜன்னல் ஓரத்தில் ஒழுகி நிற்கும். பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் துத்தநாகத்தில் பெயிண்ட் பிடிக்காது.

பழைய கட்டபொம்மன் பஸ் மாதிரி மாற்ற ஆசை. எழுத்தெல்லாம் எப்படி? (தச்சநல்லூர்)

எனக்குப் பிடித்த கேள்வி. கட்டபொம்மன் என்பது நம்ம திருநெல்வேலி அரசு பஸ் கழகத்தின் பழைய பெயர். முதலில் வருஷத்தை முடிவு செய்யுங்கள். 1997-க்குப் பிறகுதான் தலைவர்கள் பெயர் போய் எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. ஆக, கட்டபொம்மன் பெயரையும் இந்தப் பெயரையும் ஒரே பஸ்ஸில் எழுதினால் பார்க்கிறவர் சிரிப்பார். எண் பலகையும் அப்படியே. திருநெல்வேலிக்கான டிஎன் 72 வரிசை 1989-இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான். எழுபதுகளின் பஸ்ஸில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

அளவு அடுத்தது. 1:50 மாடலில் 2.5 மீட்டர் அகல பஸ் 5 செ.மீ. ஆகும். பக்கவாட்டில் 15 செ.மீ. உயர எழுத்து 3 மி.மீ. ஆகிவிடும். பிரஷ் வேண்டாம், தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாளில் அச்சடியுங்கள். இங்க்ஜெட்டில் அச்சடித்தால் மேலே கிளியர் லாக்கர் இரண்டு கை. வெள்ளை மை கிடையாது என்பதால் அடர்நிறப் பாடிக்கு வெள்ளைத் தாள்தான். ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி வெள்ளியாகத் தெரியும்.

நிறத்தைப் பழைய கலர் போட்டோவில் பார்த்து எடுக்காதீர்கள். பல போட்டோக்கள் வெளிறிச் சிவப்பேறியிருக்கும்.

ஒரு சக்கரம் காணோம். (கடையம்)

பக்கத்தில் அம்பாசமுத்திரம் இருக்கும்போது என்ன கவலை? சொப்பு கடைகிறவரிடம் மீதிச் சக்கரத்தைக் காட்டினால் மரத்தில் கடைந்து தருவார். கறுப்பு அடித்தால் வித்தியாசம் தெரியாது. அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. (மேலப்பாளையம்)

புதுச் சட்டைப் பெட்டியின் கண்ணாடித் தாளை வெட்டி வையுங்கள். உடனே ஒட்டும் பசை வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியைப் புகைமூட்டமாக்கும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும்.

அப்பா பஸ் டிரைவர். ஆனித் தேரோட்டத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்த தகர பஸ் இது. முன்பக்கம் நசுங்கி, பெயிண்டும் போய்விட்டது. புதுசாக்கித் தருவீர்களா? (திருநெல்வேலி டவுன்)

நசுங்கலை எடுக்க முடியும். உள்ளே இருந்து மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினால் வந்துவிடும். தகரத்தைப் பிணைத்திருக்கும் மடிப்பு நாக்குகளை ஒரு தடவை நிமிர்த்தலாம், திரும்பத் திரும்ப நிமிர்த்தினால் ஒடியும். பெயிண்ட் அடித்துத் தரமாட்டேன், அம்மா. விலையும் குறையும் என்பது ஒரு காரணம். நசுக்கியது யார் என்று அப்பாவிடம் கேட்டீர்களா? கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். அதற்கு முன்னால் நான் சுத்தியலை எடுக்கப்போவதில்லை.