போதும் என்றால் நம்பிவிடுவார்கள்

தம்பி, உங்கள் கேள்வியைத் தேவகோட்டை வீட்டு முகப்பில் உட்கார்ந்து படித்தேன். தங்கை மகள் திருமணத்துக்காக ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறேன். ஆகஸ்டில் சுவீடனின் லுண்ட் நகரத்துக்குப் படிக்கப் போகிறீர்கள். போன ஆண்டு காரைக்குடியில் உங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கிய நண்பர், வகுப்பு தொடங்குமுன் தன் பெற்றோர் வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லியிருக்கிறார். அங்கே முதல் நாள் எப்படி நடந்துகொள்வது, கையில் என்ன கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். 2009 முதல் அந்த நாட்டில் இருக்கிறேன். என் பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பசித்தால் முதல் முறை கேட்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் ‘போதும்’ என்பது விருந்தாளி சொல்லியே ஆகவேண்டிய சொல். இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவோம். பரிமாறுகிறவர் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைப்பார். என் அப்பத்தா மூன்று முறை கேட்காமல் யாரையும் பந்தியிலிருந்து எழவிட்டதில்லை. அந்த வளர்ப்போடுதான் முதல் டிசம்பரில், உடன் வேலை பார்த்த நண்பரின் பெற்றோர் வீட்டுக்குப் போனேன். பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்டது. ஜன்னல்தோறும் ஏழு கிளை விளக்கு எரிவதைப் பார்த்ததும் கார்த்திகை நினைவு வந்து மனம் நிறைந்தது. இரவு உணவுக்கு அவித்த உருளைக்கிழங்கு, இறைச்சி உருண்டை, லிங்கன்பெர்ரிப் பழக்கூழ். யாரும் பரிமாறுவதில்லை, கிண்ணம் கைமாறி வரும், அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கூச்சத்தோடு கொஞ்சம் எடுத்தேன். நண்பரின் தாயார் இன்னும் வேண்டுமா என்றார். போதும் என்றேன். மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். கிண்ணம் சமையலறைக்குப் போய்விட்டது.

அன்றிரவு பசியோடு படுத்தேன். பசிகூடப் பெரிதில்லை. நான் வந்தது இவர்களுக்குப் பாரமோ என்ற எண்ணம்தான் தூங்கவிடவில்லை. காலையில் பார்த்தால், சமையல் எனக்குப் பிடிக்கவில்லையோ என்று அந்த அம்மாவும் கவலையில் இருந்திருக்கிறார். நம் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது: “வேண்டாம் என்று நீ சொன்ன பிறகு நான் திரும்பக் கேட்டால், உன் பேச்சை நம்பாததுபோல் ஆகாதா?”

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. அவர்கள் உங்களைத் தனியே விடுவார்கள். அறையைக் காட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அது புறக்கணிப்பு இல்லை. பயணக் களைப்பில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற அக்கறை. தண்ணீர் வேண்டுமா, போர்வை வேண்டுமா, வாய் திறந்து கேளுங்கள், உடனே கிடைக்கும்.

இதில் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. நீங்கள் போவது ஆகஸ்ட். வெளிமேசையில் காகித விளக்குகளைக் கட்டி, நன்னீர் நண்டு வகை ஒன்றை உப்பும் சதகுப்பைக் கீரையும் போட்டு அவித்து, ஆறவைத்துச் சாப்பிடும் விருந்துக் காலம். பாட்டுப் பாடிச் சிறு கிண்ணங்களில் மது குடிப்பார்கள். வேண்டாம் என்று ஒரு முறை சொன்னால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நண்டைக் கையால்தான் உடைக்க வேண்டும், ஓட்டை உறிஞ்சலாம். செட்டிநாட்டு நண்டு மசாலா தின்று வளர்ந்தவருக்கு அந்த மேசையில் ஒரு சிரமமும் இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றுவது அங்கும் உண்டு. கிழியாத காலுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி என்றால் இரண்டு மணி. முன்னதாகப் போய்விட்டால் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். நண்பரின் அப்பா அம்மாவைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். பட்டம் பதவி சொல்லி விளிப்பது 1960-களின் இறுதியிலேயே அங்கே மறைந்துவிட்டது. எனக்கு நாக்கு எழவே மாதக்கணக்கானது, ஆனால் ‘ஐயா’ என்றால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

சாப்பிட்டு எழும்போது ‘தக் ஃபோர் மாத்தென்’ என்று சமைத்தவரைப் பார்த்துச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு நன்றி என்று பொருள். ஊர் திரும்பி அடுத்த முறை பேசும்போது முதல் வார்த்தை ‘தக் ஃபோர் சேனஸ்ட்’, போன தடவைக்கு நன்றி. இதை நான் மிகவும் நேசிக்கிறேன். விருந்தை நினைவில் வைத்திருந்து மறுபடி நன்றி சொல்ல நம்மிடம் இப்படி ஒரு தனிச்சொல் இல்லை.

இனி, கொண்டுபோகும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. பால்கோவாவையும் நெய் மாவுருண்டையையும் விட்டுவிடுங்கள். நல்ல ஏலக்காய் நூறு கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காபியோடு தின்னும் இனிப்பு பன்னில் ஏலக்காய் மணக்கும். பொருளின் அருமை தெரிந்தவர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் மங்குத் தட்டு, மங்குத் தூக்கு (இரும்பின்மேல் பளபளப்பான பூச்சு ஏற்றியவை) அடுக்கியிருப்பார்கள். அவற்றில் சில சுவீடனில் செய்தவை. தென்சுவீடனில் இருந்த கொக்கும்ஸ் ஆலையின் சரக்கு அது. கப்பலேறி வந்து, நம் ஆச்சிமார் சீர்சாமானோடு சேர்ந்து இரண்டாம் கட்டு அறைகளில் அடுக்கப்பட்டது. என் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுத் தட்டு ஒன்றை இரண்டாம் முறை போகும்போது எடுத்துப்போனேன். நண்பரின் பாட்டி அதைக் கவிழ்த்து, அடியிலிருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தன் அலமாரியிலிருந்து அதே நீலக்கரைத் தட்டு ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அன்று நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வாங்கும்போது அடியில் எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் பூச்சு பெயர்ந்திருந்தால் பரவாயில்லை. பழைய வேட்டியில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.